பார்த்து எழுத முடியாத ஒரு கேள்வி கேளுங்கள்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் பாடநூலும் வினாத்தாளும் வடிவமைக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

47ஆம் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். அது என்ன கேள்வி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாணவர்கள் முன்பின் பார்த்திராத ஒரு பத்தி, அதன் கீழே நான்கு வினாக்கள், வினாவுக்கு 2 மதிப்பெண். வேண்டாதவர்களுக்கு அதே அளவில் ஒரு கவிதை. ஆசிரியர் அறைகளில் இதற்குச் 'சும்மா கிடைக்கும் எட்டு' என்று பெயர். நான் 27 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன். அந்தப் பெயரை நானும் சொல்லியிருக்கிறேன்.

சென்ற அரையாண்டுத் தேர்வில் அந்த எட்டுக்கு எட்டு வாங்கிய ஒரு மாணவியால்தான் இந்த மடலை எழுதுகிறேன். மாலையில் எங்கள் ஊர் நூலகத்தில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் அவள்தான். தையல் கூலி ரசீதானாலும், கூட்டுறவுச் சங்கக் கடிதமானாலும், கைப்பேசியில் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியானாலும் அந்த வீட்டில் அவள் கையில்தான் கொடுப்பார்கள். தை மாதம் அவளுடைய பாட்டி நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதையும் அவளிடம்தான் நீட்டினார்கள்.

அவள் அதைத் தடங்கலில்லாமல் உரக்கப் படித்தாள். அம்மாவும் பெரியம்மாவும் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிக்கு முந்திய வரி இது: 'கன்டின்யூ ஆல் ஏர்லியர் மெடிசின்ஸ் எக்செப்ட்', அதன் பிறகு ஒரு மாத்திரையின் பெயர். பழைய மருந்துகள் எல்லாவற்றையும் தொடரவும், இந்த ஒன்றைத் தவிர. கால் வீக்கத்துக்குக் காரணம் என்று மருத்துவர் நிறுத்திய இரத்த அழுத்த மாத்திரை அது. அதற்குப் பதிலாகப் புதியது ஒன்றைக் கொடுத்திருந்தார். இந்தப் பெண் 'எக்செப்ட்' என்பதை 'அக்செப்ட்' என்று எடுத்துக்கொண்டாள். அந்த மாத்திரையை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதாவது தவறாமல் சாப்பிட வேண்டும் என்று பாட்டியிடம் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் தினமும் காலையில் அவளே தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தாள். பழையதும் புதியதும் சேர்ந்து உள்ளே போனதில் இரத்த அழுத்தம் இறங்கி, ஒன்பதாம் நாள் விடியற்காலையில் பாட்டி கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

பாட்டி தேறிவிட்டார். பேத்திதான் இன்னும் தேறவில்லை. நூலகத்துக்கு வருகிறாள், உட்காருகிறாள், உரக்கப் படி என்றால் படிக்க மறுக்கிறாள். "நான் படிச்சா தப்பாயிடும் சார்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அன்று இரவு அவளுடைய அரையாண்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 47ஆம் கேள்விக்கு எட்டுக்கு எட்டு. நான்கு விடைகளும் பத்தியில் இருந்த நான்கு வாக்கியங்கள். எழுத்து மாறாமல், முற்றுப்புள்ளி வரைக்கும் அப்படியே. மறுநாள் அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று அவளிடம் தமிழில் கேட்டேன். தெரியவில்லை.

இதில் அவள் ஏமாற்றியதாக எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள். மெல்லக் கற்போருக்கென்று கைக்குக் கை மாறும் மினிமம் மெட்டீரியல், அதாவது தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பு, ஒன்று என்னிடம் இருக்கிறது. கேள்வியில் உள்ள பெரிய சொல்லைப் பத்தியில் தேடு, அது வரும் வாக்கியத்தைப் பார்த்து எழுது, சந்தேகமாக இருந்தால் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து எழுது என்று அதில் வழி சொல்லியிருக்கிறது. பத்தியைப் படி என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. நானும் பல ஆண்டுகள் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். 35 வாங்கினால் தேர்ச்சி என்கிற இடத்தில் 8 என்பது பெரிய தொகை. பயந்து நிற்கும் பிள்ளைக்கு அதை வாங்கிக்கொடுப்பது உதவி என்று நம்பினேன். அது உதவியில்லை என்று இப்போது தெரிந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வழி பலிக்கும்படி வினாக்களை அமைத்தது வகுப்பறை ஆசிரியர் அல்லர்.

அது எப்படிப் பலிக்கிறது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இதோ ஒரு பத்தி: 'நேற்று மாலை கெந்தன் தன் பிலுவையைக் கொறுமத்தில் நொலுக்கினான். பிலுவை சவந்துபோனதால் ஊரார் அவனை மிகவும் தெழித்தார்கள்.' கெந்தன் எதை நொலுக்கினான்? பிலுவையை. எங்கே நொலுக்கினான்? கொறுமத்தில். ஊரார் அவனை ஏன் தெழித்தார்கள்? பிலுவை சவந்துபோனதால். மூன்று கேள்விக்கும் சரியான விடை எழுதிவிட்டீர்கள். ஆறு மதிப்பெண். பிலுவை என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலப் பத்தி இப்படித்தான் இருக்கிறது. அதற்குத்தான் முழு மதிப்பெண் கொடுத்து, 'உனக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது' என்று சான்றளித்து அனுப்புகிறோம்.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்த நான்கு வினாக்களில் இரண்டையாவது, பத்தியைப் பார்த்து எழுத முடியாத வினாக்களாகக் கேளுங்கள்.

கடினமான வினா கேட்கச் சொல்லவில்லை. எளிய பத்தியே போதும். 'மணி ஏழாகியும் ராமனின் கடை திறக்கவில்லை. வாசலில் மூன்று நாளிதழ்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார்' என்று ஒரு பத்தி ஆங்கிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன கேட்போம்? மணி ஏழாகியும் யாருடைய கடை திறக்கவில்லை, வாசலில் எத்தனை நாளிதழ்கள் கிடந்தன என்று கேட்போம். அவற்றுக்குப் பதிலாக, கடை சுமார் எத்தனை நாட்களாகப் பூட்டிக் கிடக்கிறது, அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை ஏன் இழுத்துப் பார்த்தார் என்று கேளுங்கள். மூன்று நாளிதழ் என்றால் மூன்று நாள் என்று பிள்ளை தானே யோசித்துச் சொல்ல வேண்டும். அந்த விடை பத்தியில் எழுதி வைக்கப்படவில்லை. படித்துப் புரிந்துகொண்ட தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினாலும் அது புரிந்து எழுதிய விடை. அதற்கு 2 மதிப்பெண் கொடுக்கத் திருத்துவோருக்கு வழிகாட்டுங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. 15 வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கும் பிசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றை ஒட்டித் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதில் கலந்துகொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். வாசிப்பில் அந்தத் தேர்வு மூன்று வகையாக வினா கேட்டது: தகவலைக் கண்டெடுப்பது, கோத்துப் பொருள் கொள்வது, படித்ததை எடைபோடுவது. நம் 47ஆம் கேள்வி பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகிறது. 2011 இறுதியில் முடிவு வந்தபோது நாம் கடைசி வரிசையில் இருந்தோம். சில நாட்கள் செய்தித்தாள்களில் பேசினார்கள், அத்தோடு சரி. 2023இல், பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அமைப்பு 14 முதல் 18 வயதுக்கு உட்பட்ட கிராமப்புறத்தினரிடம் இந்திய அளவில் ஓர் ஆய்வு நடத்தியது. ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு. அப்படிப் படித்துக் காட்டியவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை. என் மாணவி அந்த நான்காவது ஆள். அவள் வாயில் ஆங்கிலம் தடங்கலின்றி வந்ததால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவள் இடறிய அந்தச் சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் 'இந்த மாத்திரையைத் தவிர' என்கிறோம். முதலில் மாத்திரை வருகிறது, பிறகு 'தவிர' வருகிறது. ஆங்கிலத்தில் 'எக்செப்ட்' முன்னால் வந்து நிற்கிறது. 'இல்லை', 'கூடாது' எல்லாம் நமக்கு வாக்கியத்தின் முடிவில் வரும். நம் பிள்ளையின் காது அங்கேதான் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'நாட்' நடுவில் வந்து அடங்கிப் போய்விடுகிறது. 'அன்லெஸ்', 'அன்டில்', 'ஆல்தோ' எல்லாம் இந்த வகைதான். வாக்கியத்தின் பொருளையே திருப்பிப்போடும் சொற்கள் இவை. 'அக்செப்ட்', 'எக்செப்ட்' போன்ற இணைகளை ஒலி ஏறத்தாழ ஒன்று, எழுத்து வேறு என்று பட்டியலாக உருப்போட வைக்கிறோம். பட்டியலை ஒப்பித்தவள்தான் அவளும். ஓடுகிற வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று கேட்கும் ஒரு வினாவை அவள் பத்து ஆண்டுகளில் ஒருமுறையாவது சந்தித்திருந்தால், மருந்துச் சீட்டைப் படித்தபோது ஒரு நொடி நின்றிருப்பாள்.

இந்த இடத்தில் என் கோபம் வேறு பக்கமும் திரும்புகிறது. நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வரி ஆங்கிலமும் தெரியாது என்று அறிந்தும் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை எப்போது விடப்போகிறோம்? கடன் பத்திரம், காப்பீட்டு விதி, கைப்பேசிச் செயலியின் ஒப்புதல் பக்கம் என்று ஏழையின் கையெழுத்தையும் உடம்பையும் பணத்தையும் தொடும் தாள் எல்லாம் அவன் மொழியில் இல்லை. அதைப் பதினைந்து வயதுப் பிள்ளை படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நெருக்குகிறார். கடைசியில் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றிய நேரம் போக மிச்சமுள்ள நேரத்தில் மினிமம் மெட்டீரியலைக் கையில் எடுக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவற்றையெல்லாம் மாற்றுவது உங்கள் குழுவின் கையில் இல்லை என்பதையும் அறிவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

பார்த்து எழுத முடியாத வினா இரண்டு கேளுங்கள். தேர்வில் வந்துவிட்டால் அது வகுப்பறைக்கும் வந்துவிடும். இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட உண்மை இது. தேர்வில் மனப்பாடச் செய்யுளுக்கு 5 மதிப்பெண் இருப்பதால் ஒரு பள்ளிகூட அதை விட்டுவைப்பதில்லை. முதல் பாடத்தில் பறக்க அஞ்சும் கடற்பறவைக் குஞ்சின் கதை எவ்வளவு அழகானது. அதைக்கூட நோட்ஸில் உள்ள விடைகளாக உருப்போடுகிறார்களே தவிர, குஞ்சின் தாய் மீனைக் காட்டிவிட்டு ஏன் அருகில் வராமல் நின்றாள் என்று தமிழில் கேட்டால்கூடப் பலர் விழிக்கிறார்கள். தேர்வு அதைக் கேட்டதில்லை, அதனால் வகுப்பும் அதைக் கேட்பதில்லை.

பயிற்சிக்கும் ஒரு வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு சிறு தமிழ்ப் புத்தகங்கள் கொடுத்தீர்கள். எங்கள் நூலகத்தில் அவற்றைப் பிள்ளைகள் போட்டி போட்டு எடுத்ததை நான் பார்த்தேன். ஆங்கிலத்துக்கும் அப்படி ஒன்று செய்ய முடியாதா? ஒரு பத்தி துணையின்றிப் புரிய வேண்டுமானால் நூறு சொற்களில் தொண்ணூற்றைந்து முதல் தொண்ணூற்றெட்டுச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரிக்கு மூன்று சொல் தெரிவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த சொற்களால் ஆன ஒரு பக்கப் பத்திகள் வேண்டும். பேருந்து நேர அட்டவணை, மருந்துப் பெட்டி, உரமூட்டையின் எச்சரிக்கை, வேலைக்கான விண்ணப்பக் குறிப்பு என்று அவர்கள் வாழ்க்கையில் வரப்போகும் தாள்கள் வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளை, வாய்விட்டுக் கூட்டமாகப் படிக்காமல், ஒவ்வொருவரும் மௌனமாகப் படித்து, புரிந்ததைத் தமிழில் சொன்னால் போதும். தமிழில் சொல்வது ஆங்கில வகுப்புக்கு இழுக்கன்று. படித்தது புரிந்ததா என்று அறிய அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகி, பாடத்திட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசப்படும் காலம் இது. இப்போது கேட்காமல் விட்டால் அடுத்த நூல் வரும்வரை இன்னும் பல ஆண்டுகள் போகும். அதற்குள் எத்தனை பிள்ளைகள் எட்டுக்கு எட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நூலகப் பிள்ளைகளுக்காக நானே எழுதிய நாற்பது ஆங்கிலப் பத்திகள், பார்த்து எழுத முடியாத வினாக்களோடு, கையெழுத்துப் படியாக இருக்கின்றன. பயன்படும் என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், வேண்டாதவற்றைத் தள்ளிவிடுங்கள். என் பெயர் எங்கும் வர வேண்டியதில்லை. நாற்பதாவது பத்தி ஒரு மருந்துச் சீட்டைப் பற்றியது. அதை அந்த மாணவிதான் என்னோடு உட்கார்ந்து எழுதினாள். அதன் கடைசி வினாவும் அவள் கேட்டதுதான்: 'பாட்டி நாளைக் காலையில் எத்தனை மாத்திரை சாப்பிட வேண்டும்?'

அந்த மாதிரி இரண்டு வினாக்களை வரும் பொதுத்தேர்வில் கேட்குமாறு உங்களை மிகவும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்