செயலாளரின் ஆண்டறிக்கை: திருகோணமலை ரோச் லைட் ஆர்வலர்கள்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரை நடந்தவற்றைச் சமர்ப்பிக்கிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. மாரி மழையால் ஒன்றை மட்டும் தள்ளிவைத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் கதைத்தது தூரத்தைப் பற்றித்தான். திருக்கடலூரில் கடற்தொழில் செய்யும் நமது அங்கத்தவர் ஒருவர், "லூமன் கூடின ரோச் எண்டுதான் வாங்கினன், மிதவையைத் தேடினா முன்னால வெள்ளைப் புகைதான் தெரியுது" என்று தொடக்கிவைத்தார். லூமன் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு. அந்த ரோச்சில் இருந்தது எக்ஸ்எச்பி70.2. நான்கு சில்லுகள் சேர்ந்த பெரிய எல்ஈடி, வெளிச்சத்தை அகலமாகக் கொட்டும். படகுக்குள் வலை பிரிக்க அருமை. ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் பட்டு அந்த ஒளி கண்ணுக்கே திரும்பிவிடுகிறது. அதே அளவு ரிஃப்ளெக்டரில் ஒரு சதுர மில்லிமீற்றர் சில்லு உள்ள ஒஸ்ராம் எல்ஈடியைப் பொருத்தினோம். லூமன் நன்றாகக் குறைந்தது. ஆனாலும் சில்லு சிறியதால் ஒளிக்கற்றை ஒடுங்கிக் குவிந்தது. உப்புவெளிக் கரையில் நின்று அடித்தபோது, நங்கூரமிட்டிருந்த படகின் பதிவிலக்கத்தை வாசித்தோம். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சிக்காகவே இந்தச் சங்கத்தை நடத்தலாம்.

தூரத்தைத் தீர்மானிப்பது கண்டெலா, அதாவது கற்றையின் ஒளிச் செறிவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 10,000 கண்டெலாவுக்கு 200 மீற்றர்; 400 மீற்றர் வேண்டுமென்றால் 40,000 தேவை. பெட்டியில் அச்சிடும் தூரம் 0.25 லக்ஸ், அதாவது பூரணை நிலவளவு வெளிச்சம் விழும் இடம். வேலைக்கு உதவுவது அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டத்தில் ஒரு தம்பி எஸ்எஸ்டி-40 என்ற எல்ஈடி போட்ட ரோச் ஒன்றைக் கொண்டுவந்தார். பற்றரி நிறைய இருந்தும் வெளிச்சம் மங்கல். வால்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் பழுப்பேறித் தொய்ந்து கிடந்தது. 8 அம்பியர் ஓடும் பாதையில் ஸ்பிரிங்கின் தடை 0.05 ஓம் என்றாலே 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும். 3 வாட்டுக்கு மேல் சூடாகும். சிலிக்கன் உறை போட்ட செப்புக் கம்பியை ஸ்பிரிங்கின் நடுவே விட்டு, இரு முனையிலும் ஈயம் வைத்தோம். வெளிச்சம் அந்த இடத்திலேயே ஏறியது.

வெப்பம் பற்றி என் கருத்தை இங்கே பதிகிறேன். அடுத்த எல்ஈடிக்குச் செலவழிக்கும் முன், எல்ஈடி அமரும் பலகையை மாற்றுங்கள். சாதாரண அலுமினியப் பலகையில் எல்ஈடிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு காப்புப் படை இருக்கிறது. நேரடி வெப்பப் பாதை உள்ள செப்புப் பலகையில் எல்ஈடியின் வெப்பத்தை இறக்கும் நடுப்பாதம் செம்பிலேயே அமர்கிறது. எல்ஈடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றான ட்ரைவர் விடயத்தில் நமக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. சூடேறும்போது தானாக மின்னோட்டத்தைக் குறைக்காத ட்ரைவரைக் கடலுக்குக் கொடுத்துவிட நான் சம்மதியேன்.

கொள்ளளவு 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 வகை லிதியம் பற்றரி செல்களை இனி நமது மேசையில் வைக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். நல்ல செல்களே பெரும்பாலும் 3500 மில்லி அம்பியர் மணி அளவில்தான் நிற்கும். நிறையும் காட்டிக்கொடுக்கும்: நல்லது பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு அவரவர் ரோச்சுடன் வாருங்கள். உப்புப் பிடித்த புரிகளைத் துடைத்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-வளையங்களுக்குச் சிலிக்கன் கிரீஸ் பூசுவோம். கிரீஸ் சங்கச் செலவு.

செயலாளர்
திருகோணமலை