‘நீங்களே பண்ணிடுங்க’ என்றால் என்ன அர்த்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் கிளம்பும் மனத்தாங்கல்கள் பலவற்றில் சொன்ன விஷயத்தில் கோளாறே இருக்காது. சொன்ன தொனிதான் போய்ச் சேர்ந்திருக்காது.

‘நீங்களே பண்ணிடுங்க’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். இயல்பாகச் சொன்னால் அது நம்பிக்கை. ‘ளே’யை இழுத்துச் சொன்னால் எரிச்சல். ஏகாரத்துக்குப் பிரிநிலை (மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டுவது), வினா, தேற்றம் (உறுதி) என்று ஆறு பொருள் சொல்கிறது நன்னூல். பேச்சில் எந்தப் பொருள் என்பதைக் குரல் காட்டிவிடும். திரையிலோ வெறும் ‘ஏ’ மட்டும் நிற்கிறது. ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர் அதைக் குத்தலாகத்தான் படிப்பார்.

எழுதியவருக்கு இது தெரிவதில்லை. தட்டும்போது அவர் காதில் அவர் குரலே ஒலித்துக்கொண்டிருக்கிறது. உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் கிண்டலாக எழுதியதா நிஜமாக எழுதியதா என்பது எதிராளிக்குப் புரிந்துவிடும் என்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதைப் படித்தவர்கள் சரியாகச் சொன்னதோ, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். குரலில் கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள்.

(‘பேச்சில் 93 சதவீதம் வார்த்தையே இல்லை’ என்று மேடைகளில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கணக்குக்கு மூலமான ஆய்வுகளில் 1967-இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் சோதித்தது விருப்பு வெறுப்பை வெளிக்காட்டும் விதத்தை மட்டுமே. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது.)

எமோஜி போட்டால் போதாதா என்பார்கள். ஒரே எமோஜி வெவ்வேறு நிறுவனங்களின் ஃபோன்களில் வெவ்வேறு முகமாகத் தெரிவதையும், ஒரே படத்தைக்கூட ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வதையும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் 2016-இல் காட்டினார்கள். கட்டைவிரலும் அப்படித்தான்: ‘பார்த்தேன்’ என்றா, ‘சம்மதம்’ என்றா, ‘இத்தோடு பேச்சை முடி’ என்றா?

குரல் செய்யும் வேலையை வார்த்தையிடம் கொடுப்பதுதான் வழி. முதலில் ‘ஏன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘ஏன் இன்னும் அனுப்பலை?’ என்பது குரல் இல்லாதபோது குற்றச்சாட்டாகிவிடுகிறது. ‘எப்ப அனுப்ப முடியும்? நாளை மாலை 5 மணிக்குள் வந்தால் போதும்’ என்று எழுதினால் கேட்டதும் கிடைக்கும், அவசரம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். ‘கொஞ்சம் பேசணும்’ என்று மொட்டையாக அனுப்பாதீர்கள். படிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ‘விடுமுறை விஷயமா கொஞ்சம் பேசணும், பயப்பட ஒண்ணுமில்லை’ என்று சேர்க்கக் கூடுதலாக 10 வினாடி ஆகலாம். நீளமாக எழுதியவருக்கு ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருக்கும். ‘சரிங்க, பார்த்துட்டுச் சொல்றேன்’ என்பது அப்படி இல்லை.

அனுப்புவதற்கு முன், எழுதியதைச் சிடுசிடுப்பான குரலில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அப்போதும் சுருக்கென்று குத்தாவிட்டால் அனுப்பலாம். குத்தினால் அந்த இடத்தை மாற்றுங்கள். ஒருவரின் தவறைக் குழுவில் சுட்டாமல் தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதே வரியைக் கடுமையாக்கிவிடும்.

குத்தலாகப் பட்ட செய்தி உங்களுக்கு வந்தால், ‘இதை எப்படி எடுத்துக்கணும்னு புரியலை, சொல்லுங்களேன்’ என்று கேட்டுவிடுங்கள். இரண்டு முறை பதில் போட்டும் தெளியாவிட்டால் மூன்றாவதாகத் தட்ட வேண்டாம், ஃபோனில் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்