மணி அடிக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

வகுப்பாசிரியருக்கும், சிறப்பாசிரியருக்கும், மணி அடிக்கும் அண்ணனுக்கும், எங்கள் மகனோடு படிக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கல்வியாண்டு முடிகிறது. இந்த நன்றியை நேரில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்தவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை படிக்கும் எந்த வகுப்பிலும் நாளைக்கே செய்து பார்க்கலாம். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

டீச்சர், கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் காத்திருந்தீர்கள். காதில் விழுந்ததைப் புரிந்துகொண்டு பதிலை வாய்க்குக் கொண்டுவர அவனுக்கு நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது கேள்வியை மாற்றிக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும். நீங்கள் மனதுக்குள் 10 வரை எண்ணுவீர்களாம். கண்ணைப் பார்த்துப் பதில் சொல் என்று வற்புறுத்தியதும் இல்லை. பார்ப்பது, கேட்பது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் அவனுக்கு ஒன்று நழுவிவிடும்.

சிறப்பாசிரியரே, அவன் மேசையில் நீங்கள் ஒட்டிய படக் கால அட்டவணை பாதிப் பதற்றத்தைத் தீர்த்தது. விளையாட்டு நேரம் ரத்தானால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு ‘மாற்றம்’ என்ற அட்டையை வைத்தீர்களே, நல்ல யோசனை. பட அட்டையைப் பழக்கினால் பேச்சே வராது என்று உறவினர்கள் பயமுறுத்தியபோது, அப்படி இல்லை என்று பொறுமையாக விளக்கினீர்கள். ‘அவனுக்கு மட்டும் ஏன் சலுகை’ என்ற கேள்வியும் வந்தது. சரி, வகுப்புக்கே ஒன்று இருக்கட்டும் என்று சுவரிலும் ஓர் அட்டவணை மாட்டினீர்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஒலி, ஒளி, தொடுதலை அளவுக்கு மீறியோ குறைவாகவோ உணர்வது, 2013இல் வெளிவந்த, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் ஆட்டிசத்தை அறியும் அளவுகோல்களில் ஒன்று. அண்ணா, நீங்கள் அந்தக் கையேட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவன் காதைப் பொத்துவதைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அன்று முதல் மணி அடிக்கும் முன் வாசலில் நின்று கையசைத்தீர்கள். அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ள அது போதும்.

பிள்ளைகளே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. லிஃப்டில் கேட்ட ‘கதவுகள் மூடுகின்றன’ என்ற அறிவிப்பை அவன் திரும்பத் திரும்பச் சொன்னபோது, வெளியே போக வேண்டும் என்கிறான் என்று முதலில் கண்டுபிடித்தது நீங்கள். பெரியவர்கள் நாங்கள் அதை வெறும் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கையை உதறினால் சந்தோஷமாக இருக்கிறான் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. விளையாட்டில் சேர்த்தீர்கள், தோற்றால் தோற்றதாகவே வைத்துக்கொண்டீர்கள். பாவம் பார்த்து ஜெயிக்க விடாததற்குத் தனி நன்றி!

டீச்சர், அடுத்த வகுப்பு ஆசிரியருக்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கக் குறிப்பின் நகல் எங்களுக்கும் வேண்டும். எங்கள் வீட்டிலேயே சிலர் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அவனுடைய அம்மா, அப்பா