அசனக் குழம்பு ஊசிப்போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் அசனப் பண்டிகை, அதாவது சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் கோயில் விருந்து பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். வீட்டுக்கு வீடு அரிசி திரட்டுவதும், பொருத்தனைக் கிடா (நேர்ந்துகொண்ட ஆடு) கொண்டுவந்து விடுவதும் நன்றாக வந்திருந்தன. அடுப்படிக் கணக்கு மட்டும் விட்டுப்போயிற்று. மறுநாள் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் பழி சமையற்காரர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் தப்பு அவருடையதல்ல, நேரம் குறித்த கமிட்டியினுடையது.

பல ஊர்களில் ராத்திரியே ஆடு உரித்து, விடியற்காலை 4 மணிக்குக் குழம்பை இறக்கிவிடுகிறார்கள். 9 மணிக்கு ஆராதனை. அன்றைக்கென்று நற்கருணையும் ஞானஸ்நானமும் சேர்ந்துகொண்டால் 12 மணியாகும். பிறகு வாழ்த்துரை, நன்றியுரை, பொன்னாடை. சேகரகுரு (சபைப் போதகர்) ஜெபம் பண்ணி முதல் பந்தி உட்காரும்போது குழம்பு இறக்கி ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கும். பெரிய அண்டாவில் ஓரம் ஆறினாலும் நடுவில் வெதுவெதுப்பு நிற்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய அந்த இளஞ்சூடுதான் கிருமி பெருகத் தோதான இடம். மூடி வைத்தோமே என்பார்கள். மூடி ஈயைத் தடுக்கும், இதைத் தடுக்காது. தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பென்றால் இன்னும் சீக்கிரம் ஊசிவிடும்.

மசாலா அரைப்பு, வெங்காயம் உரிப்பு, பாத்திரம் கழுவுவது எல்லாவற்றையும் முந்தின ராத்திரி முடித்துக்கொள்ளலாம். ஆட்டை மட்டும் விடியற்காலையில் வெட்டி, ஆராதனை மணி அடிக்கும் முன்னே கறியை அடுப்பேற்றினால் 11.30க்கு இறக்கச் சரியாக இருக்கும். காய் கடைசியில்தான் போட வேண்டும். கத்தரிக்காய் முன்னால் விழுந்தால் குழைந்து காணாமல் போய்விடும். பொருத்தனையாக வருவதில் இளங்கிடாவும் இருக்கும், கிழட்டு ஆடும் இருக்கும். இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டால் ஒன்று கரைந்துபோகும், மற்றது கடிபடாது. முற்றல் கறியைத் தனியாக ஒரு மணி நேரம் முன்னதாக ஏற்ற வேண்டும். இறக்கியபின் அண்டாவுக்கு அடியில் தணல் கிடக்கட்டும்.

அளவு: சோறும் குழம்பும் மட்டும் என்றால் 100 பேருக்கு 12 கிலோ அரிசி, 10 கிலோ கறி போதும். உயிரோடு 20 கிலோ நிற்கும் ஆட்டில் எலும்போடு சேர்த்து 9 கிலோ கறி தேறினால் பெரிது. இது தெரியாமல் ஆட்டின் எடையை வைத்துக் கணக்குப் போடுவதால்தான் கடைசிப் பந்திக்கு வெறும் சாறு வருகிறது. சோற்றை ஒரே மூச்சில் வடித்துப் பாயில் மலையாகக் குவிக்கக் கூடாது. அடிச்சோறு வேர்த்துக் கொழகொழக்கும். பந்திக்கு ஓர் ஈடாக வடித்தால் பாயில் மிஞ்சாது.

பரிமாற 20 பேருக்கு ஒரு சோற்று வாளி, ஒரு குழம்பு வாளி. முதல் கரண்டியிலேயே துண்டை அள்ளிக்கொடுப்பது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளின் பழக்கம். வரிசையின் கடைசியில் உட்கார்ந்தவருக்குக் கத்தரிக்காய்தான். அதைவிட மோசம், பிரமுகர்களுக்குப் பாரிஷ் ஹாலில் தனிப் பந்தி போட்டு ஈரலும் வறுவலும் வைப்பது. அரிசி கொடுத்த பாட்டி வெயிலில் வரிசையில் நிற்கிறாள். பைபிளில் கொரிந்து சபையாரைப் பவுல் கண்டித்ததும் இந்த மாதிரிச் சாப்பாட்டுக்காகத்தான். அவர்களுக்கு அவர் எழுதிய முதல் நிருபம் 11ஆம் அதிகாரத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒருமுறை வாசிக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் குழம்பைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தர வேண்டாம். தூக்குவாளி கொண்டுவரும்படி முந்தின ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். சாயங்காலத்துக்கு வைப்பவர்கள், போனவுடன் ஒருமுறை தளதளவென்று கொதிக்கவிட்டு, அகலப் பாத்திரத்தில் ஊற்றி ஆறினதும் குளிர்பெட்டியில் வைக்கட்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மத்தியானமே தீர்த்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு சபை வாசகர்,
திருநெல்வேலி மாவட்டம்.