கடைசி ரெண்டு பக்கம் வேண்டாம்

தமிழில் சிறார் நாவலும் இளையோர் நாவலும் எழுதுகிறவர்களுக்கும், அவற்றை அச்சிடுகிறவர்களுக்கும், பரிசுக்குத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் பாம்பனிலிருந்து வணக்கம்.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். எந்த போட்டுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறியது, யார் பேரில் பாக்கி நிற்கிறது, இதுதான் என் எழுத்து. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் ஒரு மர அலமாரியைத் திறந்து வைப்பேன். நூற்றுச் சொச்சம் புத்தகம் இருக்கும். பாதி ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் நானே வாங்கியது, மீதி வாய்விட்டுக் கேட்டு வாங்கியது. தெருப் பிள்ளைகள் எடுத்துப் போவார்கள். பெரும்பாலும் திருப்பியும் கொடுப்பார்கள்.

யார் எதை எடுத்தார்கள் என்று குறித்து வைக்க, கம்பெனியில் மிஞ்சிய பழைய நீள நோட்டு ஒன்றை வைத்திருந்தேன். வரவு, செலவு என்று கோடு போட்ட நோட்டு. ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேதிக்குப் பக்கத்தில் தானாகவே இரண்டு வரி எழுதினாள். வரவில், "ஆமை தப்பிச்சிருச்சு." செலவில், "நாலு பக்கம் அறிவுரை." அதைப் பார்த்து அடுத்தவன் எழுதினான். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

அதில் இருப்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் புத்தகங்களின் பின்னட்டையில் எழுதியிருக்கிறவர்கள் எல்லாருமே பெரியவர்கள். அணிந்துரை பெரியவர், வாழ்த்துரை அவரைவிடப் பெரியவர். "குழந்தைகள் விரும்பிப் படிப்பார்கள்" என்று எழுதியிருக்கும். எந்தக் குழந்தை என்று இருக்காது.

சின்னச் சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு நாவலின் அட்டையில் எங்கள் பாம்பன் பாலம். தூக்குப்பாலம் இரண்டு கையையும் விரித்து நிற்கிறது, நடுவில் கப்பல் போகிறது, அதே நேரத்தில் ரயிலும் வந்துகொண்டிருக்கிறது. செலவுப் பத்தியில் ஒருவன், "எல்லாரும் செத்துருவாங்க" என்று எழுதி வைத்திருக்கிறான். 1914இல் கட்டிய அந்தப் பாலத்தில் இப்போது ரயிலே போவதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் கையை விரிக்காது, நடுத்துண்டு நேராக மேலே ஏறும். அட்டை வரைகிறவர் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து பார்த்திருக்கலாம்.

கீழக்கரையிலிருந்து லீவுக்கு வந்த பையன் ஒருவன், "காக்கா சொன்னது" என்று ஒரு கதையில் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்க காக்காவும் இப்படித்தான், வாயைத் திறந்தா புத்திமதி" என்று எழுதிவிட்டுப் போனான். வாப்பாவும் ராத்தாவும் வருகிற கதை இருக்கிறதா என்று போகும்போது கேட்டான். தேடினேன். அலமாரியில் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று.

அப்புறம், எங்கள் கரையைப் பற்றி வருகிற புத்தகம் என்றால் ஒன்று தனுஷ்கோடிப் புயலாக இருக்கும், இல்லாவிட்டால் கலாமாக இருக்கும். "எங்க ஊர்ல வேற எதுவுமே நடக்கலையா?" என்பது ஒன்பதாம் வகுப்புக் கேள்வி. 1964 டிசம்பர் ராத்திரியைப் பற்றிப் பாட்டிமார் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள், அதனால் நாவலில் வரும் புயல் அவர்களுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. கலாம் புத்தகம் என்னிடம் ஒன்பது இருக்கின்றன. சிறுவயதில் ராமேஸ்வரத்தில் மாணிக்கம் என்பவரிடமிருந்து புத்தகங்கள் இரவல் வாங்கிப் படித்ததைக் கலாமே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நான் அதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்ன புத்தகம், திருப்பிக் கொடுத்தாரா, கிழித்துவிட்டால் திட்டுவாரா என்று ஆயிரம் கேள்வி. அந்த ஒன்பது புத்தகத்தில் ஒன்றுகூட அந்த வீட்டு வாசலில் நிற்கவில்லை. எல்லாம் ராக்கெட்டுக்கு ஓடிவிடுகின்றன.

இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்டு, பிள்ளைகள் தப்பு கண்டுபிடிக்கத்தான் படிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பாமார் கரையில் வலையைச் சரிசெய்துகொண்டும், போட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை என் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாவலைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கீழே வலையோடு உட்கார்ந்திருந்தார். கதையில் ஒரு பையன் தனியாக வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறான், பெரிய அலை வருகிறது. அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "எந்தக் கடல்? வடகடலா, தென்கடலா?"

அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "கடல்னுதான் போட்டிருக்கு."

"என்ன காத்து?"

"காத்துன்னுதான் போட்டிருக்கு."

"காத்துக்குப் பேர் தெரியாம எப்படிக் கடலுக்குள்ள போனான் அந்தப் பய?"

எங்களுக்கு இரண்டு பக்கமும் கடல். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காற்று எழும்பினால் அப்படியே மாறும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். சரி, இந்த நாவல் தொலைந்தது என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டும் அவள் எழுபது பக்கம் வாசித்தாள். மறுநாள் அவர் வலையோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். "அந்தப் பய கரைக்கு வந்தானா?" என்றார். நோட்டில் அவள் எழுதியது இது: "வரவு: தப்பு இருக்கு, ஆனா நல்லாருக்கு. அப்பாவுக்கும் பிடிச்சிருக்கு. செலவு: கடைசி ரெண்டு பக்கம் வேண்டாம்."

காற்றின் பெயர் தெரியாததை மன்னித்துவிட்டாள். மன்னிக்காதது கடைசி இரண்டு பக்கத்தை. அதில் கரைக்கு வந்த பையனை ஒரு தாத்தா உட்கார வைத்து, பெற்றோர் சொல் கேட்காததால் வந்த வினை என்று விளக்குகிறார். அதற்கு முன்னால் நூற்றிருபது பக்கம் அந்தப் பையன் உயிரைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாத என்ன வினையைத் தாத்தா சொல்லப்போகிறார்?

மூன்று நோட்டையும் புரட்டினால் அந்த வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருத்தர் கையெழுத்தில் இல்லை, பல கையெழுத்துகளில். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கை மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். "கடைசி அத்தியாயம் ஸ்கூல் பிரேயர் மாதிரி." "யானை பேசுறது ஓகே, ஆனா ஹெச்.எம். மாதிரி பேசுது." ஒருவன் ஒரு புத்தகத்தின் கடைசி இரண்டு தாளை ஸ்டேப்ளர் அடித்தே ஒட்டிவிட்டான். திட்டினேன். அப்புறம் பிரித்து வாசித்துப் பார்த்தேன். திட்டியிருக்க வேண்டாம்.

அந்தக் கடைசிப் பக்கங்களை நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவது அம்மா அப்பா. பள்ளிக்கு எடுப்பது ஆசிரியர். பரிசு கொடுப்பது நடுவர். எல்லாருமே பெரியவர்கள், அவர்களுக்கு ஒரு ரசீது வேண்டியிருக்கிறது, இந்தக் கதையால் பிள்ளைக்கு இன்ன நன்மை என்று. அந்த ரசீதைத்தான் கடைசியில் ஒட்டுகிறீர்கள். நான் கணக்கு எழுதுகிறவள், ரசீது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு முடிவு மட்டும் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர் ஒருவரைப் பற்றிய கதை. அப்பா சிறையில், அம்மா மனு எழுதுகிறாள், மகன் காத்திருக்கிறான், கடைசியில் அப்பா திரும்பி வருகிறார், ஊரே கூடிக் கொண்டாடுகிறது. நல்ல எண்ணத்தில் எழுதியது, எனக்குக் கண் கலங்கியது. அதை வாசித்த பத்தாம் வகுப்புப் பையனின் அப்பாவும் அப்படிப் போய்த் திரும்பியவர்தான். அவன் வரவுப் பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. செலவில் ஒரே வரி: "போட் வரலைன்னு எழுதல."

ஆளை விடுவிப்பார்கள். போட்டை அங்கே அரசுடைமை ஆக்கிவிடுவார்கள். அதன் மேல் வாங்கின கடன் இங்கே இருக்கும். அப்பா திரும்பி வந்த அன்றைக்குத்தான் அந்தப் பையன் வீட்டில் உண்மையான கதை ஆரம்பித்தது. நாவல் அங்கே முடிந்துவிட்டது. பிள்ளைகளால் தாங்க முடியாது என்று எழுதியவர் நினைத்திருப்பார் போல.

பத்தாம் வகுப்பு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், எங்கள் பிள்ளைகள் அதில்தான் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கப் பழகினார்கள். பறந்த பிறகு எங்கே போய் இறங்குவது? பதினாலு வயதுப் பெண்பிள்ளை என் அலமாரி முன்னால் நின்று, "அக்கா, பேசாத மிருகம் இருக்கிற கதை இல்லையா?" என்கிறாள். காதல் இருக்கா என்று கேட்க நினைக்கிறாள், கேட்கவில்லை. என்னிடம் இருப்பதோ முயல், அதை விட்டால் நான் வாசிக்கிற பெரியவர்கள் நாவல். நடுவில் உள்ளதை ஒரு கையில் எண்ணிவிடலாம். கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல் ஒன்றுக்கு 2023இல் சாகித்திய அகாடமி பால சாகித்ய புரஸ்கார் கொடுத்ததே, அந்தப் புத்தகம் என் அலமாரியில் தங்குவதே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மதுரை ரோட்டில் போய்த் திரும்பினால் கீழடி, அதனாலும் இருக்கலாம். அந்த மாதிரி இன்னும் இருபது கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பெண்பிள்ளைகள் போனில் பிரதிலிபி ஆப்பில் வருகிற தொடர்கதைக்குப் போகிறார்கள். போகட்டும், நான் தடுப்பதில்லை, நானும் படிக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பில் இருக்கிற ஒருத்திக்கு அங்கே கிடைப்பது முக்கால்வாசி கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கிற கதை.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். எனக்கு உயிரான ஒரு நாவலை வாசித்த எட்டுப் பேரும் ஒரே குரலில் செலவில் தள்ளிவிட்டார்கள். "ஒண்ணும் நடக்கல" என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை நான். அச்சுப்பிழை பக்கத்துக்குப் பத்து இருக்கிற பேய்க்கதை ஒன்றை வானளாவப் புகழ்ந்திருக்கிறார்கள். இருந்தாலும் அவர்கள் கருத்தில் ஒரு சுத்தம் இருக்கிறது, எழுதியவர் யார், என்ன பரிசு வாங்கினார் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. பிரான்ஸில் 1988இலிருந்து ஒரு பரிசு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளே புத்தகங்களை வாசித்து ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பரிசின் பெயருக்கு விலைபோகாதவர்கள் என்று பொருளாம். எங்கள் திண்ணையில் உட்காருகிறவர்களுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். கடலைமிட்டாய் கொடுத்து ஒரு தடவை முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த நாவலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அணிந்துரைக்காரருக்கு அனுப்புகிற அதே வாரத்தில், ஒரு படி பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். எங்களுக்குத்தான் என்றில்லை. உங்கள் ஊரில் ஒரு திண்ணை இருக்கும், ஒரு கிளை நூலகம் இருக்கும். அவர்கள் சொன்னபடி மாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படித்துவிட்டுப் பின்னட்டையில் நாலு வரி, அவர்கள் எழுதியபடியே, எழுத்துப்பிழையோடு போடுங்கள். செலவுப் பத்தியையும் சேர்த்துப் போடுகிற தைரியம் எந்தப் பதிப்பகத்துக்கு வருகிறதோ, அந்தப் புத்தகத்தில் பத்துப் படி நான் காசு கொடுத்து வாங்குகிறேன். சொன்னால் சொன்னதுதான், கணக்கில் எழுதிவிட்டேன்.

எங்களுக்கு அனுப்புவதாக இருந்தால் மே மாதம் தோது. பிள்ளைகளுக்கு லீவு, அப்பாமாரும் கரையில் இருப்பார்கள், காற்றுக்குப் பெயர் வேண்டுமென்றால் கேட்டுச் சொல்கிறோம். பைண்டிங் வேண்டாம், கிளிப் போட்ட தாள் போதும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், எங்கள் தெருவில் சாயங்காலம் கரண்ட் போகும். கடைசி இரண்டு பக்கத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டு அனுப்புங்கள். பிரிப்பதா வேண்டாமா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து ஒரு கணக்கு அக்கா