செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. பெரியத்தை வீட்டு விவகாரம் நீ சொன்ன மாதிரியேதான் முடிந்தது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் மெயில். நிதானமாகப் படி.

முதலில், நீங்கள் பொதுவில் சேர்ந்து எழுதுகிற தமிழ்ப் பிழைதிருத்தியில் நான் போட்ட அந்த இஷ்யூவை, அதாவது பிழைப் புகாரை, கவனித்ததற்கு நன்றி. “அவன் வேலை தேடினான்” என்று எழுதினால் உங்கள் பிழைதிருத்தி நடுவில் ஒரு ‘த்’ சேர்க்கச் சொன்னது. சேர்க்கக் கூடாது. ‘வேலையைத் தேடினான்’ என்று உருபு வெளியே தெரிந்தால்தான் வல்லினம் மிகும். உருபு மறைந்து நின்றால் மிகாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆயுசு முழுக்கச் சொன்ன பாடம், இப்போது ஒரு கணினிக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நீ அதைச் சரிசெய்து, ஒரு டெஸ்டும் எழுதி, மெர்ஜ் பண்ணி (திட்டத்துக்குள் சேர்த்து), கீழே “நன்றி ஐயா” என்றும் போட்டிருந்தாய். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்பாவை ஐயா என்றது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். நேரத்தை மட்டும் சொல்லவில்லை.

திட்டம் இருக்கிற தளத்தில் உன் பெயரை அழுத்தினால் வருகிற பச்சைக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள் நீதான். நாளுக்கு ஒரு கட்டம், வேலை கூடக் கூடப் பச்சை கருக்கும். முன்பெல்லாம் மேல் வரிசை ஞாயிறும் கீழ் வரிசை சனியும்தான் நிறைந்திருக்கும். நடுவில் அங்கொன்று இங்கொன்று, அதுவும் ராத்திரி வேலை. பொங்கலுக்கு அப்புறம் ஏழு வரிசையும் ஒரே கரும்பச்சை. திட்டம் வளர்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சந்தோஷம்தான்.

வளர்ந்துதான் இருக்கிறது. நீயும் அந்த யாழ்ப்பாணத்துத் தம்பியும் மட்டும் இருந்த காலத்தில் சொற்பட்டியலில் ‘வெண்ணெய்’கூட இல்லை. இப்போது யார் யாரோ வருகிறார்கள். சிங்கப்பூர் ஆசிரியை ஒருவர் வினையெச்சங்களை வரிசையாக அனுப்புகிறார். இப்படித் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்று அக்டோபரில் வந்து, ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்துவிட்டு, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் போட்டவர்களும் உண்டு. அவர்களுக்குக்கூட நீ மரியாதையாகத்தான் பதில் எழுதினாய். நானாக இருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு ஒரே நாளில் பதில் போய்விடுகிறது. அம்மா, “வருஷப் பிறப்புக்கு வருவியா?” என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். ஆள் கூடக் கூட உன் வேலை குறைய வேண்டும். உனக்கு ஏறிக்கொண்டே போகிறது. யார் எதை அனுப்பினாலும் நீ பார்த்தால்தான் உள்ளே போகிறது. சொற்பட்டியலில் ஒரு வரி என்றாலும் நீ, புதிய பதிப்பு வெளியிடுவது என்றாலும் நீ. இரண்டாவது ஆள் ஒருவரைத் தயார் பண்ணு.

1991-ல் இதே புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது நீ பிறக்கவில்லை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கல்குவாரிப் பெண்கள் அரிச்சுவடியோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கதையை அம்மா வாயால் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருப்பாய். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. வந்தவர்கள் எங்கள் மையத்தில் தங்கியதற்குக் காரணம், வந்த அன்றைக்கே கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவோம். ஒருவருக்குத் தெருவில் பெயர் எழுதுவது, இன்னொருவருக்குப் பாட்டு. “அடுத்த வாரம் வாங்க, சொல்றோம்” என்றால் அந்த ஆள் திரும்பி வராது. நீ எனக்குச் செய்ததும் அதுதானே. ‘புதியவர்களுக்கு’ என்று லேபிள் ஒட்டி வைத்திருந்த சின்ன வேலைகளில் ஒன்றைத்தான் முதலில் எடுத்தேன். அன்றைக்கே நீ உள்ளே சேர்த்துக்கொண்டாய், நானும் இந்த வயதில் மாட்டிக்கொண்டேன்.

ஆனால் எங்கள் மையம் எப்படி மூடியது தெரியுமா? ஆள் இல்லாமல் இல்லை. எல்லாமே உன் சித்தப்பா தலையில் இருந்தது. அவருக்கு மாற்றல் வந்தது, மறு மாதமே மையம் இல்லை. பெயர்ப் பதிவேடு எங்கே, லாந்தர் யார் வீட்டில் என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், பாஸ்வேர்டும் வெளியிடுகிற உரிமையும் இன்னொருவரிடமும் இருக்கட்டும். யாழ்ப்பாணத்துத் தம்பியே போதும். இத்தனை வருஷமாக வீடியோவில் முகம் பார்த்துப் பழகிய பிள்ளை.

முகம் பார்த்த ஆள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் பற்றி நீ ஒரு தடவை போனில் சொன்னாய், அப்புறம் நானே தேடிப் படித்தேன். லாசே காலின் என்ற ஒரே ஆள் வருஷக் கணக்காகச் சம்பளம் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2022-ல் முன்பின் தெரியாத பெயர்கள் வந்து ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் விடலாமே என்று நெருக்குகின்றன. உதவிக்கு வந்த ஜியா டான் என்ற பெயர் மெல்ல மெல்ல நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024-ல் வந்த பதிப்புகளில், அடுத்தவர் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்துவிட்டது. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

எனக்கு அந்தத் திருட்டைவிட, நெருக்கியவர்களுக்கு லாசே காலின் எழுதிய பதில்தான் மனதில் நிற்கிறது. ரொம்ப நாளாக மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று பொதுவெளியில் எழுதியிருக்கிறார். அதை அங்கே எழுதுவதற்கு முன்னால் வீட்டில் யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்னொன்றும் படித்தேன். அந்த ஜியா டான் எந்த ஊர் ஆளாக இருக்கும் என்று தேடியவர்கள், கமிட் செய்த, அதாவது மாற்றங்களைப் பதிந்த நாளையும் நேரத்தையும் வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம். யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை போல.

சரி, அதை விடு.

நன்கொடைக்கு ஒரு பட்டன் வை என்று போன தீபாவளிக்கே சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், காசு வந்தால் சேர்ந்து வேலை செய்கிற ருசி போய்விடும் என்றாய். அப்போது உன் கையில் மாதச் சம்பளம் இருந்தது, அதனால் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். இன்டர்நெட்டில் போகிற தகவலைப் பூட்டுவதற்குப் பாதிப்பேர் நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வருஷத்துக்கு 2,000 டாலர் அளவில்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. 2014-ல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் பணத்தோடு வந்தன. அதுவரைக்கும் அந்த நாலைந்து பேர் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று எவனும் கேட்கவில்லை. காசு கேட்பது கேவலம் இல்லை தேனு. நான் வாத்தியார் வேலைக்குச் சம்பளம் வாங்கித்தானே உன்னைப் படிக்க வைத்தேன்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மாதமும் ஒன்றாம் தேதியே அனுப்பிவிட்டாய். அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம். அகவிலைப்படி ஏறியிருக்கிறது, பென்ஷன் எங்களுக்குத் தாராளமாகப் போதும். நீ அனுப்பியதில் பெரும்பகுதியை உன் பெயரிலேயே போஸ்டாபீசில் போட்டு வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வேறு ஆள் பார்க்கவில்லை. வெள்ளையடித்து, ஃபைபர் இணைப்பும் மேலே இழுத்தாயிற்று. பெங்களூரில் நீ கொடுக்கிற வாடகையை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. உங்கள் திருத்திக்கு ஆபீஸ் ஏது, எங்கே உட்கார்ந்து எழுதினாலும் ஒன்றுதானே. சும்மா சொன்னேன்.

ராத்திரி தூங்கு. விடிகாலை மூன்று மணிக்கும் ஒன்று மெர்ஜ் ஆகியிருக்கிறது. பதில் சொல்லாமல் ஒரு வாரம் விட்டாலும் ‘வெண்ணெய்’ எங்கேயும் ஓடிவிடாது. இரண்டாவது ஆளை மறக்காதே. அம்மாவுக்கு இது எதுவும் புரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ சரியாகப் பேசவில்லை என்றதும், யாரோ பையன் விஷயம் என்று அவளாகவே முடிவு கட்டி, அதற்கும் தயாராகிவிட்டாள். நான் மறுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

குற்றியலுகரத்துக்கு அடுத்து வருகிற வல்லினம், அதற்கான எடுத்துக்காட்டுகளை இணைத்திருக்கிறேன். ‘எட்டுத் தொகை’, ‘பாட்டுப் பாடினாள்’ இரண்டும் சரியாக வருகின்றன. ‘வந்து போனாள்’ என்பதைத்தான் இன்னும் குழப்பிக்கொள்கிறது. அவசரமில்லை, யாராவது புதியவர்களுக்கு விட்டுவிடு.

வருகிறது சனிப் பிரதோஷம். நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும் அம்மா சாந்தநாத சுவாமி கோவிலில் இருப்பாள். போன் என்னிடம்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா