400 பேரிடம் கேட்டதை மாவட்டமே சொன்னதாகப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயிறு உங்கள் முதல் பக்கத்தில், டவுன் பஸ் வசதி போதுமானதாக இருக்கிறது என்று திருப்பூர் மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொல்வதாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். கடைசிப் பத்திக்கு வந்த பிறகுதான், பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம் 400 பேரிடம் கேட்டது என்று தெரிந்தது. அந்த 400 பேர் என்ன சொன்னார்கள் என்பது உண்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாவட்டம் அப்படிச் சொன்னது என்று எழுதியது தப்பு.

நான் பனியன் கம்பெனியில் இருபது வருசமாகச் செக்கிங் பார்க்கிறவன். கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைப் பற்றிச் சொல்வதுதான் என் பிழைப்பே. ஏற்றுமதி லாட்டுக்கு, அதாவது மொத்தமாக அனுப்பும் ஒரு தொகுதிச் சரக்குக்கு, ஏகியூஎல் அட்டவணை என்று ஒன்று உண்டு, எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது, எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று அது சொல்லும். 3,201 முதல் 10,000 பீஸ் வரை உள்ள லாட்டுக்கு வழக்கமான அளவில் 200 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏற்கும் தர வரம்பு 2.5 ஏகியூஎல் என்றால் 10 குறை வரைக்கும் பாஸ், 11 வந்தால் ஃபெயில். சில வருசத்துக்கு முன் 6,000 டி ஷர்ட் உள்ள ஒரு லாட்டில் 200 எடுத்துப் பார்த்தோம், 6 குறைதான் வந்தது, பாஸ் போட்டாயிற்று. பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் மட்டும், "ஏனுங்கண்ணா, செவுத்தோரம் இருக்கற பொட்டிய ஒண்ணுகூடப் பிரிக்கலீங்களே" என்றார். கைக்கு எட்டின வாசலோரப் பெட்டிகளையே எல்லோரும் பிரித்திருந்தோம். நல்லவேளை லோடு ஏற்றுவது தள்ளிப்போனது. சுவரோரப் பெட்டியைப் பிரித்தால், முதல் பீஸிலேயே கை மடிப்பில் தையல் விட்டு நூல் தொங்குகிறது. அதெல்லாம் ராத்திரி ஷிப்டில் வேறொரு லைன் தைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து 6,000 பீஸையும் பார்த்தோம். 540 குறை, அதாவது நூற்றுக்கு 9. நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தது நூற்றுக்கு 3 என்று.

அந்த 9 இருக்கிறதே, அது லாட் முழுமைக்கும் உரிய எண். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது மாறாது, நமக்குத்தான் தெரியாது. புள்ளியியலில் இதைத் தொகுதிப் பண்பளவை என்கிறார்கள். எடுத்துப் பார்த்த 200-ல் வந்த எண் கூறுப் பண்பளவை. இது நமக்குத் தெரியும், ஆனால் எடுக்க எடுக்க மாறும். நன்றாகக் கலந்து எடுத்திருந்தால் 200-க்கு 18-ஐ ஒட்டி வந்திருக்கும், காலையில் நான் எடுத்தால் 15, மதியம் இன்னொருவர் எடுத்தால் 21, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். வாசலோரப் பெட்டியை மட்டும் பிரித்ததால் வந்த கோளாறை அந்தக் கணக்கு காட்டாது. 200-க்குப் பதில் 1,000 பீஸை அதே வாசலோரத்தில் எடுத்திருந்தாலும் தையல் விட்டது கண்ணில் பட்டிருக்காது.

பத்திரிகைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ், ஜனாதிபதி தேர்தலுக்குச் சுமார் 1 கோடி அட்டை அனுப்பி, திரும்பி வந்த 24 லட்சத்தை எண்ணி லாண்டன் என்ற வேட்பாளர்தான் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ல். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவிலும் எடுத்திருந்தார்கள், அந்தக் காலத்தில் போனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், தவிர அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களும் நாலில் ஒருவர்தான்.

சரி, 400 பேர் போதாதா என்றால், ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் 400-க்கும் மரியாதை உண்டு. 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்டம் 24.79 லட்சம் பேர், கோவை 34.58 லட்சம். குலுக்கல் முறையில் எடுத்த 400 பேர் என்றால் இரண்டு மாவட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே துல்லியம்தான், பெரும்பாலும் நூற்றுக்கு 5 வரை கூடலாம் குறையலாம். உங்களுக்கு 52 சதவீதம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம், உண்மை 47 ஆகவும் இருக்கலாம், 57 ஆகவும் இருக்கலாம். அப்போது பாதிக்கு மேல் என்று எப்படித் தலைப்பு வைப்பது? அதுவும் குலுக்கி எடுத்திருந்தால் சொல்லும் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கு பஸ் கிடைத்திருக்கிறது, அதனால்தான் அங்கே நிற்கிறார்கள். பஸ்ஸே வராத ஊர்க்காரரும், அலுத்துப்போய்க் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுத்தவரும் உங்கள் நிருபர் கண்ணில் எப்படிப் படுவார்கள்?

அடுத்த முறை எத்தனை பேரிடம், எங்கே, எப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டீர்கள் என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். "கேட்டவர்களில் பாதிக்கு மேல்" என்று எழுதினால் தலைப்பு ஒரு சொல்தான் நீளும். தாராபுரம், காங்கேயம், மடத்துக்குளம் பக்கமும் போய்க் கேளுங்கள்.

இப்போது எங்கள் யூனிட்டில் பெட்டி எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கித்தான் எடுக்கிறோம், சீட்டு எடுப்பது அந்த அக்காதான். அவருக்கு ஊத்துக்குளிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம். ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது, வீட்டுக்காரர் மொபெட்டில் வந்து கூட்டிப் போகிறார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் வருவதே இல்லை.

செக்கிங் சூப்பர்வைசர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்